யானகாவாவில் இன்னும் ஒரு திருவிழா

யானகாவா, ஜப்பான்
14 பெப்ரவரி 2025

அன்பு மகள் ஷெரோனுக்கு,

ஆண்டவர் கிருபையால் வந்து சேர்ந்து சுகமாக இருக்கிறேன். நீ, மருமகன் லக்ஷன், சின்னவள் அமெலி மூவரும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அமெலிக்குப் பல் வெளியே தெரிகிறதா?

போனை மொன்றியலில், என் லாசால் வீட்டு மேசையில் விட்டுவிட்டு வந்ததற்குக் கோபமாக இருப்பாய். மறந்து வரவில்லை. போனில் நாம் கதைத்தால் சத்தத்தில்தான் முடிகிறது. கடிதத்தில் குறுக்கே விழுந்து கதைக்க முடியாது. உன்னைச் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இப்போதாவது பலன் கிடைக்கட்டும்.

இந்த ஊரில் தெருவைவிடக் கால்வாய் அதிகம். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் தண்ணீருக்கு இறங்கப் படி உண்டு. ஆனால் நான் வந்த நேரம் தண்ணீர் இல்லை. மாசி மாதத்தில் மதகை அடைத்து, கால்வாயை வற்றவைத்துத் துப்புரவாக்குவார்களாம். படகெல்லாம் சேற்றில் சரிந்து கிடக்கிறது. மிச்சிகோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் டவுன்டவுன் ரெஸ்டோரன்ட் குசினியில் என்னோடு வேலை செய்தவள். வேலையை விட்டபின் தன் ஊருக்கே வந்துவிட்டாள்.

பொம்மைத் திருவிழா தொடங்கிவிட்டது. பெண் பிள்ளை பிறந்த வீட்டில், பிள்ளையின் முதல் வசந்தத்துக்குத் துணியில் கொக்கு, முயல், நூல் பந்து எல்லாம் செய்து சரம் சரமாகத் தொங்கவிடுகிறார்கள். பங்குனி நடுவில் சிறு பிள்ளைகளுக்கு ராசா, ராணி வேடம் போட்டுப் படகில் ஊர்வலம் விடுவார்களாம். அதைப் பார்க்காமல் போகக்கூடாது என்கிறாள் மிச்சிகோ. அதனால் ரிக்கெட்டை மாற்றிவிட்டேன். முதலாம் திகதி விமான நிலையத்துக்கு வராதே.

என் செடிகளுக்குத் தண்ணீர் விடு. பெட்டியில் கடிதம் ஏதும் வந்தால் எடுத்து வை, நான் வந்து பார்க்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


புவாண்ட்-கிளேர்
25 பெப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அமெலிக்கு மூக்கு ஒழுகித் தடிமன், எனக்கு நித்திரை இல்லை, லக்ஷன் பனி அள்ளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதித்தான் அறியவேண்டியிருக்கிறது. அதை நம்பவும் வேண்டியிருக்கிறது.

யார் இந்த மிச்சிகோ? இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பெயரை உங்கள் வாயால் கேட்டதில்லை. அவரோடு எந்தப் பாஷையில் கதைக்கிறீர்கள்? ஜப்பானிய மொழி தெரியாது. இங்கிலீஷ் கடைக்குப் போய்வர மட்டும். பிரெஞ்சு என்றால் டொக்டரிடமும் வங்கியிலும் நான்தான் கதைக்கிறேன்.

அந்த ஊரை இணையத்தில் பார்த்தேன். குளிர்காலத்தில் படகுக்குள் போர்வை போட்டு ஆட்களை இருத்திக்கொண்டு போகிறார்கள். கால்வாய் நிறையத் தண்ணீர். நீங்கள் சொல்லும் சேற்றை ஒரு படத்திலும் காணவில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு ஜொய்சி அன்ரி என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "மூண்டு கிழமைக்கு ஆராவது ரெண்டு பெரிய பெட்டியோட போவினமோ பிள்ளை? டாக்சியில ஏத்தேக்க நான் கண்ணால கண்டனான்." அதை நான் உங்களிடமே கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் உங்களுக்கான பேஸ்மென்ட் அறைக்கு மஞ்சள் பூசி முடிந்துவிட்டது. இளமஞ்சள், கண்ணைக் குத்தாது. உங்களுக்குப் பிடிக்குமா? ஜூன் இரண்டாம் திகதி நான் வேலைக்குத் திரும்பவேண்டும். பிள்ளைகளைப் பார்க்கும் கார்டறியில் இடம் கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன்.

அன்புடன்,
ஷெரோன்


யானகாவா
8 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

தபசுகாலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் இங்கேயும் மச்சம் தொடாமல் இருக்கிறேன். சுகத்துக்குக் குறைவில்லை. அமெலியின் தடிமன் மாறியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன்.

தண்ணீர் வந்துவிட்டது. மதகைத் திறந்த அன்று நாங்களும் கரையில் நின்றோம். முதலில் ஒரு கறுத்த நாக்கு மாதிரிச் சேற்றில் ஊர்ந்து வந்தது. பிறகு அகன்றது. சரிந்து கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரு பூசாரி வந்து படகுகளை ஆசீர்வதித்தார். நம் ஊரில் கடல் தொழிலுக்குப் போகுமுன் சுவாமியார் வள்ளங்களுக்குத் தீர்த்தம் தெளிப்பாரே, அதே மாதிரி.

எந்தப் பாஷை என்று கேட்டாய். பிரெஞ்சுதான். நான் மரக்கறி வெட்ட, அவள் சட்டி கழுவ, நடுவில் செஃப் நின்று எங்கள் இருவரையும் திட்டுவான். முதலில் அவன் திட்டைப் படித்தோம், பிறகு மிச்சத்தைப் படித்தோம். இங்கே சந்தையில் நாங்கள் கதைத்துக்கொண்டு போனால் சனம் திரும்பிப் பார்க்கிறது. டொக்டரிடம் நீ கதைக்கத் தொடங்கினால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். விளங்காமல் இருந்ததில்லை.

பெட்டி இரண்டில் ஒன்று அவளுடையது. மொன்றியலில் விட்டுவிட்டுப் போன சட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஜொய்சியிடம் சொல்லிவிடு.

அமெலிக்கு நானும் ஒரு சரம் தைக்கிறேன். முயலின் காது மட்டும் நேராக வருகுதில்லை.

தண்ணீர் விடுவதாக எழுதினாய். செடிகள் எப்படி இருக்கின்றன என்று எழுதவில்லையே?

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


புவாண்ட்-கிளேர்
20 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அமெலி சுகம். நாங்களும் இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

கால்வாயை வற்றவைப்பது உண்மைதான் என்று லக்ஷன் தேடிப் பார்த்துச் சொன்னார். "மாமி சொன்னது சரி. நீர்தான் சும்மா சந்தேகப்படுறீர்" என்றார். சரி, சேறு உண்மை. மற்றதெல்லாம்?

நேற்று பஸ்ஸும் மெட்ரோவும் எடுத்து டவுன்டவுன் போனேன். நீங்கள் வேலை செய்த ரெஸ்டோரன்டுக்குள் போய், மிச்சிகோ என்று ஒரு ஜப்பானியப் பெண் இங்கே வேலை செய்தாரா என்று விசாரித்தேன். மனேஜர் பத்து வருடமாக அங்கே இருக்கிறாராம். அப்படி ஒருவரும் இல்லை என்றார். குசினிக்குள் போய் இன்னும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டு வந்தார். அவர்களுக்கும் தெரியாதாம். நான் அந்த வாசலில் நின்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மா, நேராகவே கேட்கிறேன். அங்கே ஆராவது ஆள் இருக்கிறாரா? அப்பா போய் மூன்று வருடம்தான். கோயிலில் கண்டவர்கள் எல்லாம் "அம்மா எப்ப வாறா" என்று கேட்கும்போது அவர்களுடைய முகத்தில் வேறு கேள்வி இருக்கிறது.

நீங்கள் எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறீர்கள், அறையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. குளியலறையில் பிடித்து எழும்பக் கைபிடியும் பூட்டியாகிவிட்டது. ஈஸ்டருக்கு முன் வந்துவிடுங்கள்.

செடிகள் எல்லாம் நன்றாகப் பூத்திருக்கின்றன. கவலை வேண்டாம்.

அன்புடன்,
ஷெரோன்


யானகாவா
31 மார்ச் 2025

மகள் ஷெரோனுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

ஊர்வலம் பார்த்தேன். தலையில் பொன் முடியும் உடம்பு நிறையப் பட்டுமாக நாலைந்து வயதுப் பிள்ளைகள் படகில் அசையாமல் வந்தார்கள். ஒரு ராணிக்கு மூக்கு ஒழுகியது. பின்னால் இருந்த தகப்பன் துடைக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தான். இப்போது கரை நீளச் செர்ரி பூத்திருக்கிறது. காற்று அடித்தால் தண்ணீர் தெரியாத அளவுக்கு இதழ் விழுகிறது.

செஃபுக்கு மிச்சிகோ என்று வாயில் வரவில்லை, மிமி என்றுதான் கூப்பிட்டான். ஆள் போகும்வரை மிமிதான். நீ என் பெயரை யோசெப்பின் என்று சொல்லிக் கேட்டிருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அங்கே என் பெயர் ஜோ. இருபத்திரண்டு வருடம் ஜோவாக இருந்தேன். நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆள் இருக்கிறாரா என்றாய். ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டிய படகோட்டி. தாழ்ந்த பாலம் வரும்போது எல்லோரையும் குனியச் சொல்லிவிட்டு, பாலத்துக்குக் கீழே எதிரொலிக்கிறது என்று பாட்டுப் பாடுவார். சகிக்க முடியாத குரல். வேறொன்றும் இல்லை. தாயிடம் கேட்கிற கேள்வியா இது?

ஈஸ்டருக்கு வரமாட்டேன். ரயிலில் போகிற தூரத்தில் ஒரு கோயில் இருக்கிறது, பூசை காண்பேன். சித்திரைக் கடைசியில் ஒரு பழைய பூங்கொடி ஊதா நிறத்தில் பந்தல் முழுக்கப் பூத்துத் தொங்குமாம். மே தொடக்கத்தில் தண்ணீர்க் கோயில் திருவிழா. விசாவில் மூன்று மாதம் இருக்கலாம், இருப்பேன்.

ஷெரோன், என் வீட்டில் பூக்கிற செடி ஒன்றும் இல்லை. ஒரு கறிவேப்பிலையும் இரண்டு கற்றாழையும்தான் இருந்தன. அவை எங்கே?

அம்மா


புவாண்ட்-கிளேர்
11 ஏப்ரல் 2025

அம்மாவுக்கு,

கறிவேப்பிலையும் கற்றாழையும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு கிழமையும் லாசாலுக்கு ஓட எனக்கு நேரம் இல்லை, அதனால் கொண்டுவந்தேன். இங்கே வெளிச்சமும் அதிகம். பூத்திருக்கின்றன என்று ஒரு பேச்சுக்கு எழுதினேன். இதற்கெல்லாமா விசாரணை?

பெரிய வெள்ளிக்குக்கூட வராத ஒருவர் என்னைக் கேள்வி கேட்கிறார்.

நீங்கள் தைத்த சரம் வந்து சேர்ந்தது. அமெலியின் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். நன்றி.

ஷெரோன்


புவாண்ட்-கிளேர்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இந்த முறை சடங்குக்குக் கேட்கவில்லை. மூன்று கிழமையாகக் கடிதம் இல்லை. ஈஸ்டரும் போய்விட்டது. உயிர்ப்புப் பூசையில் உங்கள் இடத்தில் ஜொய்சி அன்ரி தன் கைப்பையை வைத்து வேறொருவரும் இருக்காமல் பார்த்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "சும்மா பிள்ளை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அமெலி முந்தநாள் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

தூதரகத்துக்கு எடுத்துச் சொல்லப்போகிறேன் என்று லக்ஷனிடம் சொன்னேன். "மாமி ஒண்டும் துலையேல்லை. உமக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறா. ரெண்டும் வேற" என்றார். "நீர் மாமிக்குச் சொல்லாமல் வச்சிருக்கிறதை முதல்ல சொல்லும்" என்றும் சொன்னார். அதை நேரில் சொல்கிறேன் அம்மா. வாருங்கள்.

உங்களுக்கு உடம்பில் வருத்தம் ஏதுமா? வருத்தம் என்றால் மறைக்கவேண்டாம்.

அன்புடன்,
ஷெரோன்


யானகாவா
5 மே 2025

ஷெரோனுக்கு,

என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் இருக்கக்கூடாது.

இன்று தண்ணீர்க் கோயில் திருவிழாவின் கடைசி நாள். ஆறு படகுகளை ஒன்றாகக் கட்டி, மேலே கூரை போட்டு மேடையாக்கி, மூன்று நாளாக மேளமும் குழலும் நாடகமுமாகக் கால்வாயில் நகர்த்திக்கொண்டு போகிறார்கள். மேடை அசைவதே தெரியாது. கரையில் இருந்து பார்த்தால் நாம்தான் பின்னால் போவது போல இருக்கும். மிச்சிகோ வாங்கித் தந்த விலாங்குச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றேன்.

பெரிய வெள்ளியன்று மிச்சிகோவின் போனில் என் பக்கத்து வீட்டுக் கத்தரினை அழைத்தேன். ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லத்தான். அவளுக்கும் நான் ஜோதான். சந்தோஷமாகக் கேட்டாள், "ஜோ, மகளோட போய் இருக்கப்போறியாமே? உன்ர வீட்டுக்கு வாற புது ஆக்கள் நேற்று வந்து திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டு போச்சினம். நல்ல சனம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? "ஓம்" என்றேன். என் பிள்ளை எனக்குத் தெரியாமல் என் வீட்டை விட்டுவிட்டாள் என்று பிறத்தியாரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா போன பிறகு வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயரையும் போட்டது உதவிக்கு. வீட்டுக்காரர் புதுப்பிக்கிறாயா என்று கேட்கும் காலம் மாசி, பங்குனி என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம் வந்தால் எடுத்து வை என்று எழுதினேன். நீ என்னைத்தான் துருவித் துருவிக் கேட்டாய். ஆர் அவள், எந்தப் பாஷை, எத்தனை பெட்டி, ஆள் இருக்கிறாரா என்று. நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன், செடியைப் பற்றி மட்டும் கேட்டேன். அது சரியாகப் போய்விட்டதே என்றுதான் மனம் வலிக்கிறது.

மஞ்சள் அறையைப் பற்றி நீ திரும்பத் திரும்ப எழுதினாய். நான் ஒரு தரமும் பதில் எழுதவில்லை. அதுவே பதில் என்று நினைத்தேன். நீ படித்த பிள்ளை.

எட்டாம் திகதி இங்கிருந்து போகிறேன். அதன் பிறகு இந்த விலாசத்துக்கு எழுதாதே.

அம்மா


புவாண்ட்-கிளேர்
16 மே 2025

அம்மா,

எழுதவேண்டாம் என்ற விலாசத்துக்கே எழுதுகிறேன். வேறு விலாசம் என்னிடம் இல்லை. எங்கே இருக்கிறீர்கள்? இருக்கிற இடத்தில் சுகமாக இருக்கிறீர்களா?

ஒப்பந்தத்தை நிறுத்தியது நான்தான். மார்ச் தொடக்கத்தில் செய்தேன். கேட்டால் இல்லை என்று சொல்வீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. தளபாடங்களும் அறையில் ஏற்றியாகிவிட்டது. வந்து பார்த்தால் மனம் மாறும் என்று நினைத்தேன்.

அமெலியைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது உண்மை. அது மட்டும் இல்லை. அப்பா குளியலறையில் விழுந்து கிடந்த அன்று நீங்கள் வேலையில் இருந்தீர்கள். நான் மூன்று தரம் அழைத்தும் அவர் எடுக்கவில்லை என்று காரை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தது நான். அன்று முதல் நீங்கள் போன் எடுக்கப் பிந்தினால் எனக்கு அந்தக் கதவுதான் தெரிகிறது. இதை உங்களிடம் சொன்னதே இல்லை. சொல்லாமல் சுவருக்கு மஞ்சள் பூசினேன். கைபிடி பூட்டினேன். நீங்கள் போனை மேசையில் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கண்டபோது அந்தச் சமையலறையிலேயே இருந்துவிட்டேன்.

என்னை ஏசுங்கள். ஏசி ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ஷெரோன்


லாசால்
9 ஜூன் 2025

அன்பு மகள் ஷெரோனுக்கு,

முத்திரையைப் பார்த்திருப்பாய். ஒரு மாதமாக இங்கேதான், கத்தரின் வீட்டில் இருக்கிறேன். சுகம். அமெலியும் லக்ஷனும் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். உன் கடிதத்தை மிச்சிகோ இங்கே அனுப்பிவைத்தாள். முந்தநாள்தான் கிடைத்தது. கிடைத்திருக்காவிட்டால் இன்னும் சில நாள் எழுதாமல் இருந்திருப்பேன், பொய் சொல்லமாட்டேன்.

பழைய வீடு போய்விட்டது. வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன், புது ஆட்களுக்கு எழுதிக் கொடுத்தாயிற்றாம். கைக்குழந்தைக்காரர். அவர்களிடம் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன அறையும் குசினியும் உள்ள வீடு எடுத்திருக்கிறேன். ஜூலை முதலாம் திகதி போகிறேன். அந்த மனிதர் "மொழிபெயர்க்க ஆர் வருவினம்?" என்று கேட்டார். "ஒருத்தரும் வரமாட்டினம், என்னோட கதையும்" என்றேன். வெந்நீர்த் தாங்கி பழசு, மாற்றினால்தான் கையெழுத்து வைப்பேன் என்றேன். மாற்றினார்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் பல தரம் வாசித்தேன். அந்தக் கதவை நீ தனியே திறந்தாய். அதைப் பற்றி நான் உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்வாய், சொன்னால் நான் கேட்கவேண்டும் என்று பயந்தேன். ஆனால் பிள்ளை, உன் பயத்துக்காக நான் நிலத்துக்குக் கீழே வந்து இருக்க முடியாது. அந்த ஊரில் ஒவ்வொரு காலையும் என் பாட்டுக்கு எழும்பி, எந்தப் பக்கம் போகலாம் என்று வாசலில் நின்று யோசித்தேன். எனக்கு அது ஒரு நாளும் வாய்த்ததில்லை. ஒரு திருவிழா முடிய இன்னொன்று இருக்கிறதா என்று மிச்சிகோவைக் கேட்டதெல்லாம் நான்தான். அவள் பிடித்து வைக்கவில்லை.

செவ்வாயும் வியாழனும் அமெலியை என்னிடம் கொண்டுவந்து விடு. மற்ற நாட்கள் உங்கள் பாடு. போன் வாங்கியிருக்கிறேன், நீ அழைத்தால் எடுப்பேன். எடுக்கப் பிந்தினால் நான் தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன் என்று நினை. இலக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

புது வீட்டுக் கதவுக்குத் திறப்பு ஒன்றுதான், அது என்னிடம் இருக்கும். நீ வந்தால் மணி அடி.

கோபம் இன்னும் போகவில்லை. போகும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா


புவாண்ட்-கிளேர்
12 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். லக்ஷன் விடுமுறை எடுத்து அமெலியைப் பார்க்கிறார். நீங்கள் சுகம் என்பதை இந்த முறை நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்து முடிக்குமுன் காரை எடுத்துவிட்டேன். கத்தரின் வீட்டு முன்னால் நிறுத்தினேன். யன்னல் திறந்திருந்தது. நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நீங்கள்தான் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. படியேறி வாசலுக்குப் போனேன். கையில் கறிவேப்பிலைச் சட்டி. இரண்டு மூன்று தரம் மணியைத் தொடப் போனேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன். நீங்கள் இன்னும் வரச் சொல்லவில்லை.

போன் இலக்கம் இருக்கிறது. ஆனால் போனில் நாம் எப்படிக் கதைப்போம் என்று உங்களுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அமெலியோடு வரலாமா? பதில் எழுதுங்கள். லாசாலில் இருந்து இங்கே கடிதம் வர எத்தனை நாள் பிடிக்கும் என்று தெரியவில்லை. வரும்வரை காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மகள்
ஷெரோன்